விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு: வீட்டு மென்பொருள்களுக்குக் கிடைத்த மாற்றுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. என்னுடையது ஆறாம் தலைமுறை. 16 ஜிபி ரேம், பிற்பாடு போட்ட எஸ்எஸ்டி, ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடுகிற கம்ப்யூட்டர். அதை ஓரங்கட்ட மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். உபுண்டு என்ற லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 24.04 எல்டிஎஸ் மேல் கட்டிய 22 வரிசை, சின்னமன் டெஸ்க்டாப். 2029 வரை புதுப்பிப்பு வரும்.

மின்ட்டை நிறுவுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நிறுவி முடித்து டெஸ்க்டாப் வந்த பிறகு எழுகிற கேள்விதான் பெரியது: தினமும் திறந்த நிரல்களுக்குப் பதில் எதைத் திறப்பது? என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நடக்கிற வேலைகள் இவை: குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து வைப்பது, பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்வது, கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகளை ஒழுங்குபடுத்துவது, வீட்டுக் கணக்கு, தமிழில் கொஞ்சம் எழுத்து, பாஸ்வேர்டுகள், அஞ்சல். கேம் கிடையாது, அலுவலக வேலை கிடையாது. ஆகவே இது வீட்டுத் தரவைப் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறவர்களுக்கான மதிப்பீடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பே மென்பொருளை மாற்றிவிடுங்கள். லிப்ரேஆஃபிஸ், தண்டர்பேர்ட், கீபாஸ்எக்ஸ்சி, டிஜிகேம், கேட், கிட்3, ஹோம்பேங்க், ஆடாசிட்டி, டபுள் கமாண்டர் எல்லாமே விண்டோஸிலும் ஓடுகின்றன. எது எதற்கு என்பது கீழே வரும். பழைய நிரல் பக்கத்திலேயே உயிரோடு இருக்கும்போது புதியதைப் பழகினால், ஏதாவது சரியாக வராதபோது பழையதைத் திறந்து தரவை வேறு வடிவத்தில் ஏற்றுமதி செய்து பார்க்கலாம். விண்டோஸை அழித்த பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. நான் சில மாதங்கள் விண்டோஸிலேயே இந்தப் புதிய நிரல்களோடு இருந்துவிட்டு, அப்புறம்தான் அடியில் இருந்த தளத்தை மாற்றினேன். மாறிய அன்று எனக்குப் புதிதாகத் தெரிந்தது டெஸ்க்டாப் மட்டும்தான். அதை மட்டும் பழகுவது சுலபமாக இருந்தது.

இன்னொன்று. ஒரு மாற்று நல்லதா இல்லையா என்பதை வசதிகளின் பட்டியலை வைத்து நான் முடிவு செய்யவில்லை. இத்தனை வருடம் நான் உள்ளே போட்டு வைத்ததை அது அப்படியே வாங்கிக்கொள்கிறதா என்றுதான் பார்த்தேன். பொத்தான் எந்த மூலையில் இருந்தாலும் கை ஒரு வாரத்தில் பழகிவிடும். தொலைந்த தரவு திரும்பாது.

இந்த அளவுகோலில் முதலிடம் கீபாஸ்எக்ஸ்சிக்கு. விண்டோஸில் பாஸ்வேர்டுகளைக் கீபாஸ் என்ற நிரலில் வைத்திருந்தேன். அதன் கேடிபிஎக்ஸ் ஃபைலை பென்டிரைவில் எடுத்து வந்து இங்கே திறந்தேன். மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன், அத்தனையும் இருந்தன. அஞ்சல் நிரலான தண்டர்பேர்டும் அப்படியே. அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வைத்தால் கணக்குகள், வடிகட்டிகள், பழைய அஞ்சல்கள், முகவரிகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இரண்டைப் பற்றியும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவற்றுக்கு நான் தருகிற பெரிய பாராட்டு.

புகைப்படம்தான் நீண்ட கதை. நான் கூகுளின் புகைப்பட நிரலான பிகாசாவை விடாமல் வைத்திருந்தவன். 2016 மார்ச்சில் கூகுள் அதற்கான ஆதரவை நிறுத்திய பிறகும் விண்டோஸில் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஸ்கேன் செய்த படங்களில் முகங்களுக்குப் பெயர் போட்டு, ஓரம் வெட்டி, நிறம் திருத்தி, ஆல்பங்களாகப் பிரித்து வைத்திருந்தேன். பிகாசாவின் வழி என்னவென்றால், நீங்கள் செய்கிற திருத்தத்தை அது படத்தில் எழுதாது. அந்தந்த ஃபோல்டரில் மறைத்து வைத்திருக்கிற ஒரு சின்ன ஐஎன்ஐ ஃபைலில் குறித்து வைக்கும். மூலப்படம் கெடாது என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேறு எந்த நிரலில் அந்தப் படத்தைத் திறந்தாலும் வெட்டாத, திருத்தாத பழைய படமே வரும். ஆகவே பிகாசாவை மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஃபோல்டரிலும் சேமிக்கும் பொத்தானை அழுத்தி, திருத்தங்களைப் படத்திலேயே எழுதச் செய்ய வேண்டும். மூலப்படத்தை அது பக்கத்தில் ஒரு மறைவு ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்துக்கொள்ளும். முகப் பெயர்களுக்கும் இதே கதை. அமைப்புகளில் பெயர்ப் பகுதிக்குப் போய், பெயர்களைப் படத்துக்குள்ளேயே சேமி என்பதைத் தேர்ந்தெடுத்தால் முகம் எங்கே இருக்கிறது, யாருடையது என்பதை எக்ஸ்எம்பி தகவலாகப் படத்துக்குள் எழுதிவிடும். ஆல்பங்கள் மட்டும் எந்த வழியிலும் வெளியே வரவில்லை. அதற்கு ஒரு சுற்றுவழி பிடித்தேன். ஆல்பத்தில் உள்ள எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, ஆல்பத்தின் பெயரையே ஒரு குறிச்சொல்லாகப் போட்டுவிட்டேன். குறிச்சொல் படத்துக்குள் எழுதப்படுவதால் அது கூடவே பயணம் செய்தது.

இப்படித் தயார் செய்த ஃபோல்டர்களை டிஜிகேமிடம் காட்டினேன். கேடிஇ என்ற மென்பொருள் சமூகத்தைச் சேர்ந்த புகைப்பட நிரல், திறந்த மூலம், அதாவது நிரலின் மூலத்தை யாரும் பார்த்து மாற்றலாம். அது படங்களைப் படித்து முடித்ததும் இடப்பக்கத்தில் ஆட்கள் என்ற பகுதியைத் திறந்தேன். தாத்தா, பாட்டி, பெரியப்பா, பள்ளிக்கூட நண்பர்கள் எல்லாரும் பெயரோடு நின்றார்கள். சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பெயர்களில் பாதியை எனக்குச் சொல்லித்தந்தவர்கள் இப்போது இல்லை. அவற்றை இரண்டாம் முறை யாரிடம் போய்க் கேட்பது?

டிஜிகேமில் நான் முதலில் மாற்றியது மெட்டாடேட்டா அமைப்பை. முகங்கள், குறிச்சொற்கள், தலைப்பு, நட்சத்திரம் எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் மட்டும் வைக்காமல் படத்திலும் எழுது என்று டிக் போட்டேன். நாளைக்கு டிஜிகேமும் இல்லாமல் போனால் அடுத்த நிரல் அதைப் படித்துக்கொள்ளும். ஸ்கேன் படங்களில் தேதி எப்போதும் ஸ்கேன் செய்த நாளாகவே இருக்கும். 1974-இல் எடுத்த கல்யாணப் படம் போன மாதப் படங்களோடு கலந்து கிடக்கும். தேதியைத் திருத்தும் கருவி டிஜிகேமிலேயே இருக்கிறது. ஒரு ஆல்பத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 1974 என்று போட்டுவிட்டால் காலவரிசை ஒழுங்காகிவிடும். பிகாசாவை விட இந்த இடத்தில் டிஜிகேம் எனக்கு மேலாகப்படுகிறது.

எது மேலாக இல்லை? பிகாசாவின் எளிமை இதில் இல்லை. மெனுவுக்குள் மெனு, அமைப்புக்குள் அமைப்பு. வீட்டில் வேறு யாராவது வந்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னால் அவர்களை இதன் முன் தனியாக உட்காரவைக்க மாட்டேன். முகம் கண்டுபிடிப்பதற்கு 2020-இல் வந்த 7.0 முதல் நரம்பு வலையமைப்பு முறை இருக்கிறது. நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் பெரிய சேகரிப்பை முதல் முறை அலச இரவு முழுக்க விட்டுவிட வேண்டியிருக்கும். குழந்தை முகத்தையும் அதே ஆளின் முதிய முகத்தையும் அது ஒன்று சேர்க்கவில்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும். எளிமை போதும், முகம் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஷாட்வெல் போதும்.

படத்தைச் சட்டென்று திறந்து பார்க்க இர்ஃபான்வியூ வைத்திருந்தேன். 1996 முதல் வருகிற நிரல், விண்டோஸுக்கு மட்டும். அதற்கு இங்கே எக்ஸ்என்வியூ எம்பி. சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஆனால் திறந்த மூலம் அல்ல. ஒரு ஃபோல்டர் முழுவதையும் அளவு குறைத்து வேறு பெயரில் சேமிக்கிற வேலை, தரம் குறையாமல் ஜேபெக்கைத் திருப்புகிற வேலை இரண்டையும் செய்கிறது. கீபோர்டு குறுக்குவழிகளை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இர்ஃபான்வியூவில் பழகிய விசைகளையே இதற்கும் கொடுத்துவிட்டேன். மின்ட்டோடு வருகிற பட நிரலே பலருக்குப் போதும், நேர்மையாகச் சொன்னால்.

அடுத்தது தமிழ்த் தட்டச்சு. தமிழ் வாசகர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்கும். விண்டோஸில் தனி எழுதி நிரல் நிறுவித் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்து வந்தேன். லினக்ஸில் அதற்குத் தனி நிரல் தேவையில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பும் அதற்கான எம்17என் பொதியும் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு முறை எல்லாம் பட்டியலில் வந்துவிடுகின்றன. எஃப்சிடிஎக்ஸ்5 என்ற இன்னொரு உள்ளீட்டு அமைப்பு வழியாகவும் இதே எம்17என் தளவமைப்புகள் கிடைக்கும். மின்ட்டின் அமைப்புகளில் உள்ளீட்டு முறை என்ற பகுதிக்குப் போய்த் தேர்ந்தெடுத்தால் போதும். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். அதைச் செய்யாமல் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுகிற தமிழ்99 வழக்கம் இங்கேயும் உண்டு. என் விரல்கள் ஒரு வித்தியாசமும் உணரவில்லை.

உணர்ந்தது ஆவணங்களில்தான். லதா, நிர்மலா யுஐ இரண்டும் விண்டோஸோடு வருகிற எழுத்துருக்கள். இங்கே அவை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போன்றவை உண்டு. பழைய ஆவணத்தைத் திறந்தால் எழுத்து நன்றாகவே தெரியும், ஆனால் வரிகள் கூடவோ குறையவோ செய்து பக்கம் நகர்ந்துவிடும். கடிதமாக இருந்தால் பரவாயில்லை. பக்க எண் பார்த்து அமைத்த குடும்ப வரலாற்றுத் தொகுப்பு ஒன்று எனக்கு இருந்தது. அதன் இறுதி வடிவத்தை விண்டோஸில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டு, மூல ஆவணத்தை இங்கே நோட்டோவில் புதிதாக அமைத்தேன்.

எம்எஸ் ஆஃபிஸுக்கு மாற்றான லிப்ரேஆஃபிஸில் தமிழ் எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் தீரும். அது தமிழைச் சிக்கலான எழுத்து அமைப்பு என்ற வகையில் வைக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு வேறொரு எழுத்துரு, அளவும் தனித்தனி. பாணியில் நீங்கள் 12 புள்ளி என்று மாற்றினாலும் தமிழ் அசையாமல் நிற்பதாகத் தோன்றினால், மாற்றியது மேற்கத்திய எழுத்துக்கான இடத்தில் என்று அர்த்தம். கருவிகள் மெனுவில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்து அமைப்பை இயக்கி, அதன் முன்னிருப்பு மொழியைத் தமிழாக வைத்துவிட்டு, இயல்புப் பத்தியின் பாணியில் தமிழ் எழுத்துருவை ஒருமுறை அமைத்துவிடுங்கள். அதை வார்ப்புருவாகச் சேமித்தால் அப்புறம் தொட வேண்டியதே இல்லை.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த ஃபைல்களும் என்னிடம் கொஞ்சம் இருந்தன. எழுத்துரு இல்லாவிட்டால் அவை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துரு ஃபைலை இரட்டை க்ளிக் செய்தால் லினக்ஸிலும் நிறுவிக்கொள்கிறது, எழுத்தும் தெரிகிறது. ஆனால் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. ஆகவே யுனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓபன்-தமிழ் நூலகத்தில் அதற்கான மாற்றிகள் இருக்கின்றன. தெரியாதவர்களுக்கு உலாவியில் ஓடும் மாற்றிகள் கிடைக்கும். மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்துங்கள். இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தாக உருமாறியிருக்கும்.

மற்றபடி லிப்ரேஆஃபிஸ் என் வீட்டு வேலைக்குத் தாராளம். காலிப்ரி இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோ உட்காருவதால் ஆங்கில ஆவணங்கள் அவ்வளவாகக் கலைவதில்லை. மேக்ரோ எழுதிய எக்செல் ஃபைல் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். எளிய மேக்ரோக்கள் ஓடுகின்றன, பெரியவை பாதியில் நின்றுவிடும். பிறர் அனுப்புகிற டாக்எக்ஸ் ஃபைலில் அட்டவணையும் பெட்டியும் நிறைந்திருந்தால் ஒன்லிஆஃபிஸ் என்ற இன்னொரு ஆஃபிஸ் நிரலில் திறக்கிறேன். தோற்றம் அங்கே கொஞ்சம் கூடுதலாக ஒட்டி வருகிறது. தினசரி எழுத்துக்கு லிப்ரேஆஃபிஸ்தான்.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். ஒரு சின்ன நிறுவனத்தின் நிரலில் நிறைய வருடக் கணக்கை எழுதி வைத்திருந்தேன். அந்த நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பெயர் சொல்லிப் பயனில்லை. அதன் சொந்த ஃபைலை உலகத்தில் வேறு எதுவும் திறக்காது. க்யூஐஎஃப் என்ற பழைய வடிவத்தில் ஏற்றுமதி செய்ய மட்டும் ஒரு வழி வைத்திருந்தார்கள், அது காப்பாற்றியது. இந்த வடிவத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று தேதி. 03/04 என்று இருந்தால் அது மார்ச்சா ஏப்ரலா என்று ஃபைலுக்குள் எங்கும் எழுதியிருக்காது. இறக்குமதி செய்யும்போது நாம்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றிய பணம். வங்கிக் கணக்கின் ஃபைலில் ஒரு தடவை, கைப்பணத்தின் ஃபைலில் ஒரு தடவை வரும். அதை இரட்டிப்பாக ஏற்றிவிட்டால் மொத்தத் தொகை தப்பும். இதுபோக எனக்கு மூன்றாவதாக ஒன்று: பழைய நிரல் யுனிகோடு அறியாததால் தமிழில் வைத்திருந்த செலவினப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. நல்ல வேளை, பழையது இன்னும் கையில் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் அங்கேயே ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தேன். முதலில் மென்பொருள், பிறகு இயங்குதளம் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

ஏற்றுவதற்கு ஜிஎன்யூகேஷ், ஹோம்பேங்க் இரண்டையும் பார்த்தேன். ஜிஎன்யூகேஷ் 1998 முதல் இருப்பது, முறையான இரட்டைப் பதிவுக் கணக்கு. மின்கட்டணம் கட்டினால் ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. கணக்குப் படித்தவர்களுக்கு அதுதான் சொர்க்கம். எனக்கு எங்கே எவ்வளவு செலவானது, மாதக் கடைசியில் கையில் என்ன மிச்சம் என்பது தெரிந்தால் போதும். ஆகவே ஹோம்பேங்க். 1995-இல் அமிகா கம்ப்யூட்டருக்காகத் தொடங்கிய நிரல் இது. அந்த வயதுக்குரிய நிதானம் அதில் தெரிகிறது. இறக்குமதியின்போது தேதி வரிசையைக் கேட்கிறது, ஒரே பதிவு இரண்டு தடவை வந்தால் சுட்டிக்காட்டுகிறது. பெறுநர் பெயரைப் பார்த்துச் செலவினத்தைத் தானே போடுகிற விதிகளை எழுதலாம். ஆங்கில எழுத்தில் வந்த பெயர்களைத் தமிழுக்கு மாற்றினேன், தமிழ் அழகாகத் தெரிகிறது. அதன் ஃபைல் வெறும் எக்ஸ்எம்எல். நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். ஒவ்வொரு கணக்கின் கடைசி இருப்பையும் பழைய நிரலின் இருப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பொருந்தியது. நீங்களும் அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் பழையதை அழிக்காதீர்கள்.

பாட்டுகளுக்கு இரண்டு நிரல்கள் வைத்திருக்கிறேன். வின்ஆம்ப் பழகியவர்களுக்கு ஆடேஷியஸ். வின்ஆம்ப்பின் பழைய தோல்களை, அதாவது தோற்ற வடிவங்களை, அப்படியே அணிந்துகொள்ளும். முழுச் சேகரிப்பையும் பாடகர், இசையமைப்பாளர் வாரியாகப் பார்க்க ஸ்ட்ராபெரி. நான் பெரும்பாலும் ஸ்ட்ராபெரியில்தான் இருக்கிறேன். பாட்டுகளின் பெயர், வருடம் திருத்த எம்பி3டேகுக்குப் பதில் கிட்3. ஃபைல் பெயரிலிருந்தே தகவலைப் பிரித்தெடுத்து நிரப்பும். கேசட்டிலிருந்து பதிவு செய்ய ஆடாசிட்டி, அது அங்கேயும் இங்கேயும் ஒன்றே.

பிளேலிஸ்ட்டுகள்தான் மொத்தமாக ஊமையாகின. பிளேலிஸ்ட் சேமிக்கப்படும் எம்3யூ ஃபைலைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். ஒவ்வொரு வரியிலும் டி டிரைவ் என்று தொடங்கி, பின்சாய்கோடு போட்டு விண்டோஸ் பாதை எழுதியிருக்கும். லினக்ஸில் டிரைவ் எழுத்தும் இல்லை, சாய்கோடும் மறுபக்கம் சாய்ந்தது. கேட் எடிட்டரில் திறந்து, தேடி மாற்று வசதியால் பாதையின் தொடக்கத்தையும் சாய்கோட்டையும் மாற்றினேன். அப்புறமும் சில பாட்டுகள் வரவில்லை. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பிளேலிஸ்ட்டில் ஒருவிதமாகவும் ஃபோல்டரில் இன்னொரு விதமாகவும் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும். பெயர்களைச் சீராக்கியதும் எல்லாம் பாடின. இதையே முன்கூட்டித் தெரிந்திருந்தால் பிளேலிஸ்ட்டுகளைச் சார்புப் பாதையோடு, அதாவது டிரைவ் பெயர் இல்லாமல், பாட்டு இருக்கிற ஃபோல்டரிலேயே சேமிக்கலாம். அப்போது எந்தத் தளத்துக்குத் தூக்கிப்போனாலும் பாடும்.

கேட் என்று சொன்னேன் அல்லவா, அது நோட்பேட்++-க்கு மாற்று. செங்குத்தாகத் தேர்வு செய்வது, ரெஜெக்ஸ் என்ற வடிவத் தேடல், நிறம் பிரித்துக் காட்டுவது எல்லாம் உண்டு. நிறைவாக இருக்கிறது. ஃபைல்களைக் கையாளும் டோட்டல் கமாண்டருக்கு டபுள் கமாண்டர். எஃப்5 நகலெடுக்க, எஃப்6 நகர்த்த, மொத்தமாகப் பெயர் மாற்ற கண்ட்ரோல் எம். விசைகள்கூட மாறவில்லை.

முழுத் திருப்தி தராத மாற்று, ஃபைல் தேடும் நிரலான எவ்ரிதிங்குக்குக் கிடைத்தது. அந்த நிரல் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள வட்டின் முதன்மைப் பட்டியலையே நேரடியாகப் படிப்பதால், பெயரின் இரண்டு எழுத்தை அடிப்பதற்குள் ஃபைல் வந்து நிற்கும். புதிதாக ஒன்றைச் சேமித்தால் அந்த நொடியே பட்டியலில் இருக்கும். இங்கே எஃப்சர்ச் போட்டிருக்கிறேன். தேடும் வேகம் கிட்டத்தட்ட அதேதான், நீட்சி, அளவு, தேதி வைத்து வடிகட்டவும் முடிகிறது. ஆனால் அது தன் பட்டியலை அவ்வப்போதுதான் புதுப்பிக்கிறது. சற்று முன் இறக்கிய ஃபைலைத் தேடினால் வராது. புதுப்பிக்கச் சொல்லிவிட்டுத் தேட வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் தானே புதுப்பிக்கும்படி வைத்திருக்கிறேன். பழைய வசதி எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்கேனர் எதிர்பாராத நல்ல செய்தி. புதிய விண்டோஸுக்கு டிரைவர் தர முடியாது என்று தயாரிப்பாளர் கைவிட்ட இயந்திரம் அது. மின்ட்டில் இணைத்ததும், ஒன்றும் நிறுவாமலே, ஆவண ஸ்கேனர் நிரலில் அதன் பெயர் வந்தது. சேன் என்ற திறந்த மூலத் திட்டம் பழைய ஸ்கேனர்களுக்கெல்லாம் டிரைவர் எழுதி வைத்திருப்பதால் கிடைத்த வரம் இது. எல்லா மாடலுக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். மின்ட்டை யூஎஸ்பியிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், உங்கள் ஸ்கேனரையும் பிரின்டரையும் அப்போதே இணைத்துச் சோதித்துவிடுங்கள். நிறையப் பக்கங்களை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்க நேப்ஸ்2 வைத்திருக்கிறேன். விண்டோஸில் பழகிய அதே நிரல், 7-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸுக்கும் வந்துவிட்டது. டெசராக்ட் என்ற நிரல் வழியாக ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தை அறியவும் செய்கிறது, தமிழும் உண்டு. தெளிவான அச்சுப் பக்கத்தில் தேடுவதற்குப் போதுமான அளவு வருகிறது. பிடிஎஃப்பில் பக்கம் சேர்க்கவும் பிரிக்கவும் பிடிஎஃப் அரேஞ்சர், மேலே எழுதிக் கையெழுத்துப் போட எக்ஸ்ஜர்னல்++.

காப்புப்பிரதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. அது இயங்குதளத்தைத்தான் காப்பாற்றும், உங்கள் புகைப்படங்களை அல்ல. ஒரு புதுப்பிப்பு சரியாக இல்லையென்றால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது அருமையான கருவி. ஆனால் ஹோம் ஃபோல்டர் முன்னிருப்பாக அதில் சேராது. அதற்குத் தேஜா டூப் என்ற காப்பு நிரலை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஓட்டுகிறேன். இன்னொன்று, விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் சில காலம் சேர்ந்து இருக்கப்போகிறது என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் தூங்கப்போகும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைப் படிக்க முடியும், எழுத முடியாது.

கடைசியாக, மாற்றே கிடைக்காமல் நான் விடாப்பிடியாக வைத்திருக்கிற ஒரே விண்டோஸ் நிரல், கேசட் பெட்டிகளுக்கும் சிடி உறைகளுக்கும் லேபிள் அச்சிடுகிற ஒரு பழைய நிரல். லினக்ஸில் லேபிள் அச்சிடும் கிளேபிள்ஸ் நல்ல நிரல், ஆனால் நான் வரைந்து வைத்த வடிவங்களை அது படிக்காது. ஆகவே விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் வழியாக ஓட்டுகிறேன். இதற்கு பாட்டில்ஸ் என்ற நிரல் மிகவும் உதவியாக இருக்கிறது, ஒவ்வொரு விண்டோஸ் நிரலுக்கும் தனி அறை ஒதுக்கிவிடும். எழுத்துரு மட்டும் முதலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துரு ஃபைலை அந்த அறையின் எழுத்துரு ஃபோல்டரில் நகலெடுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அச்சும் மில்லிமீட்டர் பிசகாமல் உறைக்குள் உட்காருகிறது.